சனிக்கிழமை டிக்கெட்

என் மகளின் வேலை ஆட்களைத் தூக்குவது. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். என்ன செய்வது, அவள் பழகும் விளையாட்டு அப்படிப்பட்டது. சியர்லீடிங் என்றால் கிரிக்கெட் மைதானத்தின் ஓரத்தில் நின்று பொம்பொம் ஆட்டுவது என்று கொழும்பில், எங்கள் வெள்ளவத்தையில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர், படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்று கேட்கிறவர்கள். போட்டிச் சியர்லீடிங்கில் இரண்டரை நிமிடத்துக்குள் குத்துக்கரணம் போட வேண்டும், துள்ள வேண்டும், ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்ட வேண்டும், அவ்வளவு நேரமும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டும் இருக்க வேண்டும். கோபுரத்தின் அடியில் நின்று தாங்குகிறவளை பேஸ் என்பார்கள். உச்சியில் ஒற்றைக் காலில் நிற்பவள் ஃப்ளையர். என் மகள் பேஸ். தோள் என்னுடையது. கை அவளுடைய அப்பாவின் குடும்பத்துக் கை.

அந்தக் கைகளில் இரண்டு வருடமாக ஏறி நின்றவள் ஒரு கொட்டாஞ்சேனைப் பிள்ளை. பதினான்கு வயது, கிள்ளி எடுக்கச் சதை இல்லை. வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கொட்டாஞ்சேனையிலிருந்து கோட்டைக்கு ஒரு பஸ், கோட்டையிலிருந்து காலி வீதி வழியாக இன்னொரு பஸ் பிடித்து, எங்கள் கழகம் பயிற்சிக்கு வாடகைக்கு எடுத்திருந்த கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்வாள். வேறு யாருடைய கையிலும் ஏறமாட்டாள். "அவ பிடிச்சா நான் கண்ணை மூடிக்கொண்டு நிப்பன் ஆன்ட்டி" என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள். தகப்பனுக்குத் துறைமுகத்தில் வேலை. தாய் வீட்டிலேயே ரோல்ஸும் பற்றீஸும் செய்து துறைமுகத்தைச் சுற்றியுள்ள தேநீர்க் கடைகளுக்குக் கொடுப்பவர்.

போன வருடம் கோலாலம்பூரில் நடக்கும் ஒரு சாம்பியன்ஷிப்புக்கு எங்கள் பிள்ளைகள் தெரிவானார்கள். அன்றைக்கு மண்டபத்தில் பதினாறு பிள்ளைகளும் போட்ட கூச்சலில் கீழ்த்தளத்தில் தாலிக்குப் பொன்னுருக்கும் சடங்குக்கு வந்திருந்த சனம் மேலே ஏறி வந்து பார்த்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாரம் நீடித்தது. பிறகு பெற்றோர் குழு கூடியது.

விமான டிக்கெட், ஹோட்டல், பதிவுக் கட்டணம், சீருடை எல்லாம் டொலரில் கணக்குப் பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள். எனக்குத் தலை சுற்றியது. சுற்றி முடிந்த பிறகுதான் எத்தனை தலை என்று கேட்டேன். இருபத்துமூன்று பேராம். பிள்ளைகள் பதினாறு. மிச்சம் ஏழு பேர் அதிகாரிகள். அதிகாரிகளுக்குச் செலவில்லை, அந்த ஏழு பேரின் செலவையும் பதினாறு பிள்ளைகளின் தலையில் பிரித்துக் கட்டியிருந்தார்கள்.

அந்த அதிகாரிகளைக் கொஞ்சம் அறிமுகப்படுத்த வேண்டும். முதலில் தலைவி. காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருப்பவர், சபை கூடினால் சேலையைச் சரிசெய்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அடுத்தவர் தலைவியின் கணவர். பெரிய ஃபோன் வைத்திருந்தபடியால் அவர் ஊடகப் பொறுப்பு. செயலாளர் அம்மா. செயலாளர் அம்மாவின் தங்கை, உடை அலங்காரப் பொறுப்பு. அவர் அதுவரை பயிற்சிக்கு ஒருநாளும் வந்ததில்லை. பல் வைத்தியர் ஒருவரின் மனைவி, மருத்துவப் பொறுப்பு. ஆறாவது ஆள் கோச், சிங்களப் பொடியன், பிள்ளைகளைப் பழக்கியவன். செலவைக் குறைக்க யாரையாவது நிறுத்தலாமா என்று ஒரு கட்டத்தில் பேச்சு வந்தபோது, "கோச் கட்டாயம் வரவேணுமோ? பிள்ளையளுக்கு எல்லாம் பாடம்தானே" என்று செயலாளர் அம்மா கேட்டார். பகிடி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ஏழாவது ஆள் நான். உணவுப் பொறுப்பு. வீட்டில் ரைஸ் குக்கர் இருந்தது. அதுதான் என் தகுதி. ஒற்றைப் பிள்ளையைக் கடல் தாண்டித் தனியே விடுவதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பெயரைக் கொடுத்தேன். மற்ற ஆறு பேரைப் பற்றி இவ்வளவு வாய் காட்டுகிறவள், என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும் அல்லவா.

கொட்டாஞ்சேனைத் தாய் அந்தத் தொகையை ஒரு துண்டில் எழுதிக்கொண்டார். மூன்று தவணையில் கட்டலாமா என்று மட்டும் கேட்டார். கட்டினார். கழகத்துக்குக் காசு சேர்க்க நாங்கள் நடத்திய உணவுச் சந்தைக்கும் அவர்தான் ஒற்றையாளாக முந்நூறு ரோல்ஸ் செய்து இரண்டு பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். நான் கொண்டுபோனது கேசரி. அது பாதி திரும்பி வீட்டுக்கே வந்தது. பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கத் தாயும் மகளும் விடியமுன் போய் வரிசையில் நின்றதையும் அறிவேன். டிக்கெட் எடுத்தாயிற்று. மலிவான டிக்கெட், காசு திரும்பாது, திகதி மாற்றினால் தண்டம். சனிக்கிழமை காலைப் பயணம்.

டிக்கெட் கைக்கு வந்து பத்து நாள் கழித்து, குழுவின் வாட்ஸ்அப்பில் தலைவியின் குரல் வந்தது. அவசரக் கூட்டமாம். ஏதோ பிள்ளைக்குக் கை முறிந்துவிட்டதாக்கும் என்று பதறிக்கொண்டு ஓடினேன். தலைவி மேசையில் ஒரு நாட்காட்டித் தாளை விரித்து வைத்திருந்தார். நகை அடைவுக் கடைக்காரர்கள் வருடப் பிறப்புக்குக் கொடுப்பார்களே, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிறது, அதில் ஒன்று.

"சனிக்கிழமை கிழக்கே சூலமெல்லோ!" என்றார். "கோலாலம்பூர் எந்தப் பக்கம்? கிழக்கு. சூலத்துக்கு நேரே பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறதோ? நாளைக்கு ஒண்டெண்டால் ஆர் பதில் சொல்லுறது?"

இன்ன கிழமையில் இன்ன திசைக்குப் போனால் எதிரே சூலம் நிற்கும், போன காரியம் கெடும் என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போகும்போது பார்ப்பார்கள். வீடு குடிபுகும்போது பார்ப்பார்கள். மலிவு விலை விமான டிக்கெட்டுக்குப் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். "ஐயோ, எனக்கும் கண்ணில படேல்லையே" என்று செயலாளர் அம்மா கன்னத்தில் கை வைத்தார். பல் வைத்தியரின் மனைவி, தன் மச்சாள் ஒருத்தி சூலம் பாராமல் போய்ப் பெட்டி தொலைந்த கதையைத் தொடங்கினார். தலைவியின் கணவர் ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் இடம் இருப்பதை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். திகதி மாற்றும் தண்டமும் டிக்கெட் விலை வித்தியாசமும் சேர்த்து, தலைக்கு இன்னுமொரு தொகை. அதிகாரிகளின் தலைகளுக்கும் சேர்த்துத்தான்.

அப்போது பின்வரிசையில் இருந்து கொட்டாஞ்சேனைத் தாயின் குரல் கேட்டது. "மிஸ், கொஞ்சம் தயிர் குடிச்சிட்டுப் போனா சரிதானே? கிழக்குச் சூலத்துக்கு அதுதான் பரிகாரமாம். எங்கட ஒழுங்கைக் கோயில் ஐயர் எல்லாருக்கும் அப்பிடித்தான் சொல்றவர்."

அவர் சொன்னது சரி. பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது: கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம். ஒரு சட்டித் தயிர் வாங்கி இருபத்துமூன்று பேருக்கும் கரண்டியால் ஊட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். தலைவி சேலையைச் சரிசெய்தார். "உங்களுக்கு இதெல்லாம் விளங்காது. நீங்கள் வேதக்காரரெல்லோ" என்றார். வெள்ளவத்தையில் சைவத் தலைவிக்குத் தெரியாத பரிகாரம் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தால், அதைத் தாங்கிக்கொள்ள எங்கள் குழுவால் முடியாது. கை உயர்த்தச் சொன்னார்கள். நான் காது வரைக்கும்தான் உயர்த்தினேன். அதையும் எண்ணிக்கொண்டார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அந்தத் தாய் எனக்காகக் கீழே காத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் பிள்ளை. "இனி என்னால ஏலாது அக்கா" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருக்கவில்லை, எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பிறகு சொன்னார்: "ஆனா பிள்ளைட சனிக்கிழமை டிக்கட் அப்பிடியே இருக்குத்தானே. நாங்க மாத்தாட்டி அது செல்லும். தனிய அனுப்பேலாது. நீங்களும் உங்கட மகளும் உங்கட டிக்கட்டை மாத்தாம விட்டா, பிள்ளை உங்களோட வரும். கோச் தம்பியும் வாறன் எண்டவர், ஆனா ஆம்பிளையோட தனிய விட இவட அப்பா விரும்பமாட்டார்."

எவ்வளவு இலகுவான வழி! எங்கள் மூன்று பேரின் தண்டமும் மிச்சம். அவள் போவாள், கோபுரம் எழும்பும், ஒருத்தருக்கும் நட்டமில்லை. நான் வாய் திறந்து ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"ஹோட்டலையும் இனி ஞாயிற்றுக்கிழமையில இருந்துதானே எடுப்பினம்" என்றேன்.

"பிள்ளைக்கு ஒரு மூலை போதும் அக்கா. ஏர்போட்டில இருக்கச் சொன்னாலும் இருப்பா."

பிள்ளை தலையாட்டினாள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு மகளோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். வீடு வந்து சேரும்வரை அவள், "ஓமெண்டு சொல்லுங்கோ அம்மா, இப்பவே ஃபோனில கோல் எடுத்துச் சொல்லுங்கோ" என்று நச்சரித்தாள்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயம் வந்துவிட்டது. தலைவியையும் அவருடைய தாளையும் நினைத்து வாய் வலிக்கச் சிரித்துவிட்டு வந்தவள், வீட்டில் என் சமையலறை நாட்காட்டியில் சனிக்கிழமைத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சூலம்: கிழக்கு. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போக, நான் மட்டும் இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சூலத்துக்கு நேரே போய், விமானத்துக்கு ஏதாவது நடந்தால்? நடக்காது என்று அறிவு சொல்லியது. நடந்தால் என்று வயிறு கேட்டது. ஒன்று ஊரார் பிள்ளை, மற்றது என் ஒற்றைப் பிள்ளையல்லவா. தயிரைப் பற்றியும் யோசித்தேன். பரிகாரம் சரியாக வேலை செய்யாவிட்டால் என்றும் யோசித்தேன். சூலத்தை நம்பிவிட்டு, அதே பஞ்சாங்கத்தில் இருக்கும் தயிரை நம்பாத மனுஷி உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அடுத்த நாள் கோல் எடுத்து, குழு சம்மதிக்கவில்லை என்று சொன்னேன். குழுவிடம் நான் கேட்கவே இல்லை.

"பரவாயில்ல அக்கா. நீங்க கேட்டதே பெரிய விஷயம்" என்றார்.

என் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நீங்க சூலத்துக்குப் பயம். அதைச் சொல்லுங்கோவன்" என்றாள். பெரிய மனுஷி மாதிரிக் கதைக்காதே என்று ஏசினேன். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

ஃப்ளையர் வரமாட்டாள் என்று கேள்விப்பட்ட கோச், "மொகத அக்கே மே?" என்றான். என்ன அக்கா இது என்கிறான். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், சந்தைக்குப் போனால் வாயாடியே விலையைக் குறைப்பவள். அன்றைக்குக் காசுப் பிரச்சினையாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். அவன் கோபுரத்தை ஒரு தட்டுக் குறைத்து, மிச்சம் பதினைந்து பிள்ளைகளுக்கும் புதிதாகப் பழக்கத் தொடங்கினான்.

அந்தச் சனிக்கிழமை காலை மகளின் சீருடைக்கு இஸ்திரி போட்டேன். விமானம் புறப்படும் நேரம் கடந்தது, நாங்கள் இடியப்பம் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம். விமானம் நான்கு மணி நேரம் தாமதம். சுபவேளை தேடி வாங்கிய விமானத்தின் வாசலில் பிள்ளைகள் பையைத் தலைக்கு வைத்து நிலத்தில் படுத்தார்கள். ஒருவழியாக ஏறி இருந்தோம். அது கடல் பக்கமாகத்தான் எழும்பியது. கடல் மேற்கு. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். எனக்கு முன்னால் இருந்த தலைவியின் தோளைத் தட்டி, "மேற்கால போகுது" என்றேன். "அது திரும்பும்" என்றார். "வெல்லம் கொண்டுவந்தனீங்களோ?" என்றேன். அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். நானும் அதைத்தான் செய்தேன்.

தாமதத்தில் மேடைப் பயிற்சிக்கு ஒதுக்கிய நேரம் போய்விட்டது. ஹோட்டல் அறையில் சமைக்கக்கூடாது என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். ரைஸ் குக்கர் பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. உணவுப் பொறுப்பாளராகிய நான் நான்கு நாளும் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பொரித்த கோழி வாங்கித் தின்றேன். உடை அலங்காரப் பொறுப்பு சேலை வாங்கினார். ஊடகப் பொறுப்பு தலைவியைப் படம் எடுத்தார்.

போட்டியில் எங்கள் கோபுரம் கலசம் வைக்காத கோயில் கோபுரம் மாதிரி நின்றது. பிள்ளைகள் பிழை ஒன்றும் விடவில்லை. கோச்சும் தன்னால் ஆனதைச் செய்திருந்தான். ஆனால் நடுவில், கொட்டாஞ்சேனைப் பிள்ளை ஏறும் எண்ணிக்கை வந்த இடத்தில், என் மகள் இரண்டு கையையும் மேலே நீட்டிப் பொம்பொம்மை ஆட்டினாள். அவளுக்குத் தூக்க ஆள் இல்லை. கடைசிக்கு முந்திய இடம் கிடைத்தது. சர்வதேச மேடையில் எங்கள் செல்வங்கள் என்று தலைவி அன்று மாலையே படம் போட்டார். அதில் முன்வரிசையில் ஏழு அதிகாரிகளும் இருக்கிறோம். பிள்ளைகள் பின்னால் நிற்கிறார்கள்.

திரும்பி வந்த வாரம், விமான நிலையத்தில் வாங்கிய ஒரு பெட்டி சொக்லேட்டோடு மகளையும் கூட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். மகள்தான் விடவில்லை. தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஒழுங்கையில் வீடு. தாய் அடுப்படியில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு, சுடச்சுட இரண்டு ரோல்ஸ் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் இரண்டு பேரும் நிலத்தில் ஒட்டிக்கொண்டு இருந்து ஃபோனில் போட்டி வீடியோவைப் பார்த்தார்கள். தன் இடம் வந்தபோது அவள் வாய்க்குள் எண்ணினாள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. என் மகள் பொம்பொம் ஆட்டிய இடத்தைத் திருப்பி இன்னொருமுறை போட்டுப் பார்த்தாள். அழவில்லை, சிரிக்கவும் இல்லை.

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சொன்னாள். "ஆன்ட்டி, நான் அண்டைக்கு எங்கட சனிக்கிழமைப் பிளேனை ஃபோனில பாத்துக்கொண்டே இருந்தனான். மேப்பில மஞ்சள் நிறத்தில சின்னதாப் போகும். நீங்க பயந்தீங்க எண்டு இவ சொன்னவ. அதான், ஏதும் நடக்குமோ எண்டு கடைசிமட்டும் பாத்தன்."

நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ஃபோனைவிட்டுத் தலையை எடுக்கவில்லை. தாய் அடுப்படி வாசலில் எண்ணெய்க் கரண்டியோடு நின்றார். குழு சம்மதிக்கவில்லை என்று நான் சொன்னது அவருக்கு நினைவு இருந்திருக்கும்.

"ஒண்டும் நடக்கல்ல ஆன்ட்டி" என்றாள் பிள்ளை, என்னைத் தேற்றுகிற குரலில். "பத்து நிமிஷம் முந்தியே இறங்கிட்டுது."

"சாப்பிடுங்க அக்கா, ஆறுது" என்றார் தாய்.